ஸ்னோமொபைல் உண்மையான எடை எவ்வளவு? 600ஆர் டூ-ஸ்ட்ரோக்கா, 900 ஏஸ் ஃபோர்-ஸ்ட்ரோக்கா?

முஸ்கோக்காவாசி:

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பனிக்காலத்துக்கு இரண்டாவது ஸ்லெட் (பனியில் ஓடும் ஸ்னோமொபைலைத்தான் சொல்கிறேன்) ஒன்று வாங்க இருக்கிறேன். வீட்டில் ஏற்கனவே ஸ்கீ-டூ கம்பெனியின் 600ஆர் ஈ-டெக் டூ-ஸ்ட்ரோக் நிற்கிறது, அடியில் சுற்றும் ரப்பர்ப் பட்டை, அதாவது ட்ராக், 137 அங்குலம். இப்போது பார்த்துக்கொண்டிருப்பது அதே கம்பெனியின் 900 ஏஸ் ஃபோர்-ஸ்ட்ரோக், டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாதது. ஓட்டப்போவது என் மனைவி. அவருக்கு டூ-ஸ்ட்ரோக் புகை மணம் ஒத்துவராது, சத்தமும் குறைவாக இருக்கவேண்டும் என்கிறார்.

எனக்குக் குழப்பம் எடையில்தான். கையேட்டைப் பார்த்தால் 600ஆர் சுமார் 210 கிலோ, 900 ஏஸ் 230ஐ ஒட்டி (மொடலைப் பொறுத்துக் கொஞ்சம் கூடிக் குறைகிறது). வித்தியாசம் 20 கிலோதான், ஆனால் ஓட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் முன்பக்கம் பாரம், பாரம் என்றே சொல்கிறார்கள். பெற்றோல், ஒயில் எல்லாம் ஊற்றி, ஓடத் தயாராக நிற்கும்போது உண்மையில் எவ்வளவு வரும்? யாராவது தராசில் ஏற்றிப் பார்த்திருக்கிறீர்களா? இன்னொன்று, என் ட்ரெய்லரில் இரண்டு ஸ்லெட் நிற்கும், அதன் தகட்டில் ஏற்றக்கூடிய சுமை 540 கிலோ என்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்து 440தானே, இன்னும் நூறு கிலோ மிச்சம் என்று எடுத்துக்கொள்ளலாமா?


சட்பரிப்பனி:

அண்ணை, அந்த நூறு கிலோவை நம்பி ஏற்றாதீர்கள், அது அங்கே இல்லை.

கையேட்டில் இருப்பது உலர் எடை. பெற்றோல் இல்லை, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் இல்லை, ஒயில் இல்லை, பல நேரம் நீங்கள் காசு கொடுத்துப் போடும் துணைச்சாமான் எதுவும் இல்லை. எதை விட்டுவிட்டு எடை போட்டார்கள் என்பதும் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று இல்லை, அதனால் ஒரு கம்பெனியின் உலர் எடையை இன்னொரு கம்பெனியின் உலர் எடையோடு ஒட்டிப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கையே கிடையாது. உங்கள் ஸ்லெட்டின் டேங்க் 36 லீட்டர். பெற்றோல் லீட்டருக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, அப்படிப் பார்த்தால் அதுவே 26, 27 கிலோ. டூ-ஸ்ட்ரோக் ஒயில் டேங்க் நிறைய இருந்தால் 3 கிலோ. கூலன்ட் சில கிலோ. ஆக 210 என்று எழுதியிருக்கும் ஸ்லெட் கடையில் இருந்து வெளியே வரும்போதே 245ஐத் தொடுகிறது. ட்ராக்கில் ஆணி அடித்து, முன்கண்ணாடியை உயர்த்தி, பின்னால் பை கட்டினால் அது வேறு. அப்புறம் ஒரு நாள் ஓடி முடிந்ததும் ட்ராக்கை மேலே மூடியிருக்கும் டனலுக்கு அடியிலும் சஸ்பென்ஷனுக்குள்ளும் கால்வைக்கும் பலகையிலும் இறுகிக் கிடக்கும் பனிக்கட்டி இருக்கிறதே, ஈரப்பனி நாளில் அது மட்டும் 15, 20 கிலோ இருக்கும். ட்ரெய்லரில் ஏறுவது இந்த எடைதான், கையேட்டு எடை ஏறுவதில்லை.

வீட்டிலேயே எடை பார்க்கலாம். பண்ணைச் சாமான் கடையில் கிடைக்கும் மேடைத் தராசு ஒன்று போதும். முதலில் முன்னால் இருக்கும் இரண்டு ஸ்கீயையும் (சறுக்குப் பலகை) தராசின் மேல் வைத்து, ட்ராக் பக்கத்துக்குத் தராசின் உயரத்துக்கே பலகை கொடுத்து மட்டமாக நிறுத்துங்கள், பிறகு மாற்றிச் செய்யுங்கள், இரண்டையும் கூட்டுங்கள். மட்டம் தப்பினால் கணக்கு தப்பும். இப்படிப் பார்ப்பதில் ஒரு லாபம், முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். நீங்கள் கேட்ட "முன்பக்கம் பாரம்" என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்து லாரித் தராசு இதற்கு உதவாது, அது பெரிய படியில்தான் காட்டும், 20 கிலோ வித்தியாசம் அதற்குள் காணாமல் போய்விடும்.

900 ஏஸ் மூன்று சிலிண்டர், 899 சிசி, 95 குதிரைசக்தி அளவில். 600ஆர் இரண்டே சிலிண்டர், 599 சிசி, 125 குதிரைசக்தி. சின்ன எஞ்சின் கூடுதல் பலம் தருவதற்குக் காரணம், டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு வெடிப்பு, ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. அதோடு டூ-ஸ்ட்ரோக்கில் வால்வு, கேம்ஷாஃப்ட், அதைச் சுற்றும் சங்கிலி, எஞ்சினுக்குள் ஒயில் சுற்றும் ஏற்பாடு எதுவுமே இல்லை. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இதெல்லாம் இருக்கிறது, கூடவே பேட்டரியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் கட்டாயம். கூடுதல் எடையில் பெரும்பகுதி உங்கள் முழங்காலுக்கு முன்னால், ஸ்கீக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறது. அந்த 20 கிலோவைப் பின்சீட்டில் வைத்தால் ஓடும்போது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஸ்கீக்கு மேல் இருந்தால் ஹாண்டில் திருப்பும்போதும், பள்ளத்தில் விழுந்ததைத் தூக்கும்போதும் நன்றாகவே தெரியும்.

ஆனால் நீங்கள் ஓடப்போவது ஒன்டாரியோவின் சமன்செய்த ட்ரெயிலில் (பனிப்பாதையில்) என்றால் நான் 900 ஏஸ் பக்கம்தான். வேகம் கூடினாலும் அசையாமல் போகும், பெற்றோல் குறைவாகக் குடிக்கும், அதே 36 லீட்டரில் 600ஆரை விட நல்ல தூரம் கூடுதலாகப் போகும். ஒயில் போத்தல் காவத் தேவையில்லை.


ரெவல்ஸ்டோக்_மலையன்:

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் சரி, ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது ஃபோர்-ஸ்ட்ரோக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் பிரிட்டிஷ் கொலம்பியா மலையில் ஓட்டுபவன். இடுப்பளவு பொடிப்பனியில், மரங்களுக்கு நடுவே, ஸ்லெட்டை ஒருபக்கம் சாய்த்து ஒரு ஸ்கீயைத் தூக்கியபடியே சரிவைக் குறுக்கே கடக்கவேண்டும். அங்கே ஸ்லெட்டைத் தூக்குவது எஞ்சின் இல்லை, நம் தோள்தான். புதைந்துவிட்டால் இரண்டு பேர் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்தவேண்டும், முன்பாரம் உள்ள வண்டி மூக்கைப் பனிக்குள் குத்திக்கொண்டு நின்றுவிடும்.

அதோடு உயரம். காற்று மெலிந்தால் எல்லா எஞ்சினும் மூச்சு வாங்கும். டர்போ இல்லாத எஞ்சின் 300 மீட்டர் ஏறினால் சுமார் 3 சதவீதம் பலம் இழக்கும் என்பது இங்கே எல்லோரும் போடும் கணக்கு. 2,400 மீட்டரில் நாலில் ஒரு பங்கு போய்விடும், 165 குதிரைசக்தி என்று எழுதியிருக்கும் ஸ்கீ-டூவின் 850 ஈ-டெக் டூ-ஸ்ட்ரோக் அங்கே 125 அளவில்தான் தள்ளும், அதாவது உங்கள் ஊர் 600ஆர். அதனால்தான் 2020 மொடலில் ஸ்கீ-டூ டூ-ஸ்ட்ரோக்கிலேயே டர்போவைத் தொழிற்சாலையில் பொருத்தி விற்றபோது இங்கே அவ்வளவு வரவேற்பு. அந்த முதல் டர்போவின் நோக்கம் பலத்தைக் கூட்டுவது இல்லை, கீழே இருந்த 165ஐ மேலேயும் காப்பாற்றுவது. இரண்டு வருடத்தில் போட்டிக் கம்பெனியான போலாரிஸும் 850 டர்போவோடு வந்துவிட்டது.

ஃபோர்-ஸ்ட்ரோக் டர்போ 180 குதிரைசக்தி தருகிறதே என்று கேட்பார்கள். தருகிறது, ஏரிமேல் நேராக ஓட அதைவிட நல்லது இல்லை. ஆனால் 850 டூ-ஸ்ட்ரோக்கோடு பார்த்தால் எடை 30 கிலோ அளவில் கூடிவிடும். மலையில் அந்த 30 கிலோவுக்கு எந்த டர்போவும் ஈடு இல்லை.


முஸ்கோக்காவாசி:

இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. மலைப்பக்கம் வரும் எண்ணம் இல்லை, எங்களுக்கு ட்ரெயில்தான், நடுவில் ஏரி கடப்பது உண்டு. ஒரு பயம், குளிர் −30க்குப் போகும் காலையில் 900 ஏஸ் ஸ்டார்ட் ஆகுமா? 600ஆரில் கயிறு இருக்கிறது, இழுத்தால் கிளம்பிவிடும்.


ஃபின்மார்க்_காற்று:

நோர்வேயின் வடக்கில் இருந்து எழுதுகிறேன். எங்கள் தமிழ் ஆட்கள் 80களில் மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்து குடியேறிய பக்கம். இங்கே ஸ்கூட்டர் என்றுதான் சொல்வோம், அது இங்கே விளையாட்டுச் சாமான் இல்லை. சும்மா நினைத்த இடமெல்லாம் ஓட்டவும் சட்டம் விடாது, குறித்த பாதையில்தான் ஓடலாம், எஸ் பிரிவு லைசென்ஸ் வேண்டும். பனிமான் மேய்க்கும் சாமி (Sámi) என்ற பழங்குடி மக்களுக்கு இது வேலைக்கருவி.

எடை என்றால் கெட்டது என்ற பேச்சை நான் அப்படியே ஏற்கமாட்டேன். வேலை ஸ்கூட்டர்கள், லின்க்ஸ் கம்பெனியின் 69 ரேஞ்சர் மாதிரி 60 சென்டிமீட்டர் அகல ட்ராக் உள்ளவை, 300 கிலோவைத் தாண்டும். ஆனாலும் புதிய பனியில் மிதக்கும். பாரத்தை மட்டும் பார்க்கக் கூடாது, அது எவ்வளவு பரப்பில் இறங்குகிறது என்று பார்க்கவேண்டும். உங்கள் 600ஆரின் ட்ராக் 38 சென்டிமீட்டர் அகலம், தரையில் படும் நீளம் ஒன்றேகால் மீட்டர் என்று வையுங்கள், அரைச் சதுர மீட்டர் கூட இல்லை. ஆளோடு 340 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு 700 கிலோவுக்கு மேல். அகல ட்ராக் ஸ்கூட்டர் ஆளோடு 400 கிலோ, படும் பரப்பு 0.84 சதுர மீட்டர், 480க்குக் கீழேதான் வரும். ஸ்கீ தாங்குவதைச் சேர்க்காத தோராயக் கணக்குத்தான், ஆனால் எது முதலில் புதையும் என்பதை அது சொல்லிவிடும். பின்னால் விறகும் சாமானும் ஏற்றிய சறுக்குவண்டியை இழுக்கும்போது எடைதான் பிடிமானம் தருகிறது, இலேசான ஸ்கூட்டரின் ட்ராக் சும்மா சுற்றிக்கொண்டு நிற்கும்.

குளிரைப் பற்றிக் கேட்டீர்கள். 900 ஏஸில் இழுக்கும் கயிறு இல்லை, முழுக்கப் பேட்டரியை நம்பித்தான். பேட்டரி நல்ல நிலையில் இருந்து, கையேட்டில் சொன்ன குளிர்கால ஒயிலே ஊற்றியிருந்தால் கிளம்பும், பயப்படத் தேவையில்லை. வயசான பேட்டரியோடு மட்டும் தொலைவு போகாதீர்கள், இரவில் கழற்றி வீட்டுக்குள் வைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். காற்றால் குளிரும் பழைய டூ-ஸ்ட்ரோக், யமஹா விகே540 மாதிரி, இங்கே இன்னும் மதிப்போடு ஓடுவதற்குக் காரணம் இதுதான். ரேடியேட்டர் இல்லை, கூலன்ட் இல்லை, கயிறு இருக்கிறது, வழியில் நின்றால் கையில் இருக்கும் ஸ்பானரால் திருத்தலாம். யமஹா ஸ்னோமொபைல் செய்வதையே நிறுத்திவிட்டது எங்களுக்கு உண்மையிலேயே பெரிய இழப்பு.


சட்பரிப்பனி:

ட்ரெய்லர் கணக்கை முடித்துவிடுகிறேன். 600ஆர் 245, 900 ஏஸ் அதே கணக்கில் 265, இரண்டும் சேர்ந்தால் 510, திரும்பி வரும்போது இரண்டிலும் பனிக்கட்டி என்று 30 சேர்த்தால் சரியாக 540. தகட்டின் எல்லையிலேயே நிற்கிறீர்கள், கருவிப்பெட்டி, பெற்றோல் கேன் எதற்கும் இடம் இல்லை. டேங்க்கைக் கால்வாசியாக வைத்து ஏற்றி, ட்ரெயில் தொடங்கும் ஊரில் நிரப்பினால் இரண்டிலுமாக 40 கிலோ குறையும். திரும்பும்போது ரப்பர் சுத்தியலால் ட்ராக்கைச் சுற்றித் தட்டிப் பனியை உதிர்த்துவிட்டு ஏற்றுங்கள். 900 ஏஸின் மூக்கு காரைப் பார்த்து இருக்கட்டும், பின்னால் பாரம் கூடினால் ட்ரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். கொக்கியில் இறங்கும் பாரம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே இருக்கவேண்டும், அதையும் அதே மேடைத் தராசில் பார்த்துவிடலாம்.