நிதியியலா, கிரியேட்டிவ் மார்க்கெட்டிங்கா? வரையத் தெரியாதவர் இந்தத் துறைக்கு வரலாமா?

வளவுவாசி கேட்டது:

வணக்கம். காரைக்குடியில் எம்.பி.ஏ. முதலாண்டு படிக்கிறேன். நிதியியல் எடுக்கும் எண்ணத்தில்தான் சேர்ந்தேன். நுகர்வோர் நடத்தைப் பாடம் தொடங்கியதிலிருந்து மனசு முழுக்க விளம்பரப் பக்கம் போய்விட்டது. இது உண்மையான ஆர்வம் என்றே நம்புகிறேன். ஆனால் வரையத் தெரியாது, டிசைன் மென்பொருளும் தெரியாது.

கோடை புராஜெக்டுக்கு, தெரிந்த பலகாரக் கடை ஒன்று சீப்பு சீடையை ஆன்லைனில் விற்க என்னிடம் பொறுப்புக் கொடுத்திருக்கிறது. விளம்பரத்துக்கு 3,000 ரூபாய். எங்கே தொடங்குவது? இதை வைத்து வேலைக்கு விண்ணப்பிக்க முடியுமா? அனுபவமுள்ள அண்ணன்கள், அக்காக்கள் சொல்லுங்கள்.

பட்டாலை:

தம்பி, வரையத் தெரியாதது தடையே இல்லை. விளம்பர ஏஜென்சியில் படம் ஆர்ட் டைரக்டருடைய வேலை, வாசகம் காப்பிரைட்டருடைய வேலை. யாரிடம், எதை, ஏன் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்து பிரீஃப், அதாவது விளம்பரம் செய்பவர்களுக்கான வழிகாட்டுக் குறிப்பு, எழுதுபவர் பிளானர். எம்.பி.ஏ. படித்தவர்கள் பெரும்பாலும் பிளானிங், கிளையண்ட் சர்வீஸிங் (வாடிக்கை நிறுவனங்களோடு பேசி வேலையை நடத்துவது), கம்பெனிப் பக்கம் பிராண்ட் மேலாண்மை இவற்றில்தான் நுழைகிறார்கள். நிதியியல் கணக்கும் வீண் போகாது. கணக்குப் பார்க்கத் தெரிந்த கிரியேட்டிவ் ஆளுக்கு மதிப்பு அதிகம்.

போஸ்டரைக் கையில் எடுக்காதீர்கள். முதலில் ஏற்கெனவே வாங்குகிற பத்துப் பன்னிரண்டு பேரிடம் பேசுங்கள். "பிடிக்குமா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள், அதில் ஒன்றும் கிடைக்காது. கடைசியாக எப்போது வாங்கினீர்கள், யாருக்காக, இது கிடைக்காமல் போயிருந்தால் வேறு எதை வாங்கியிருப்பீர்கள் என்று கேளுங்கள். சென்னையில் இருக்கும் மகளுக்கு அனுப்ப வாங்குபவரும் பிள்ளையார்பட்டி வந்த கையோடு வாங்குபவரும் ஒரே ஆள் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே விளம்பரம் போட்டால் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

பிறகு ஒரே பக்கத்தில் பிரீஃப்: யாருக்கு, அவர்கள் இப்போது என்ன நினைக்கிறார்கள், நாம் சொல்லும் ஒரே விஷயம் எது, அதை நம்ப ஆதாரம் என்ன. "செட்டிநாட்டுச் சுவை" என்பதை அந்த ஒரே விஷயமாக எழுதிவிடாதீர்கள். ஊரில் எல்லாப் பாக்கெட்டிலும் அதுதான் இருக்கிறது. சீப்பு சீடையில் ஆதாரம் கண்ணெதிரே இருக்கிறது: வரிவரியாகப் பிழிந்த மாவை விரலில் சுற்றி, இரண்டு முனையையும் அழுத்தி ஒட்டும் அந்தக் கணம். ரீலின் முதல் மூன்று விநாடியில் அதுவே வரட்டும், லோகோ கடைசியில் வந்தால் போதும். இசை போடாமல் அடுப்படிச் சத்தத்தையே விடுங்கள். அளவு 1080க்கு 1920 பிக்ஸல், நெட்டுவாக்கில்.

இனி கணக்கு. எண்களை உங்கள் கடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். 250 கிராம் பாக்கெட் விலை 160, சரக்கு, கூலி, பாக்கெட் எல்லாம் சேர்த்து 95, கூரியர் 40 என்றால் கையில் நிற்பது 25. விளம்பரத்துக்கு 2,000 செலவழித்து 30 ஆர்டர் வந்தால் ஆர்டருக்கு 67 ரூபாய் போகிறது. ஒவ்வொரு ஆர்டரிலும் 42 ரூபாய் நட்டம். அதே ஆள் நான்கு பாக்கெட்டாக வாங்கினால் 640, அடக்கம் 380, கூரியர் 90, மிச்சம் 170. விளம்பரச் செலவு போக 103 நிற்கும். ஆகவே விளம்பரம் விற்க வேண்டியது நான்கு பாக்கெட் பெட்டியை. இந்த முடிவுதான் உங்கள் கிரியேட்டிவ் எப்படி இருக்க வேண்டும் என்பதையே தீர்மானிக்கிறது.

இன்ஸ்டாகிராமில் பதிவை விளம்பரமாக்கும் பூஸ்ட் பொத்தானை அப்படியே அழுத்தினால் லைக் போடும் ஆட்களுக்குக் காட்டிவிடக்கூடும். மெட்டாவின் விளம்பரங்களை நிர்வகிக்கும் ஆட்ஸ் மேனேஜருக்குள் போய், வாட்ஸ்அப்பில் செய்தி வருவதை நோக்கமாகத் தேர்ந்தெடுங்கள். விளம்பரத்தைத் தொட்டதும் வாடிக்கையாளர் அனுப்பத் தயாராக வரும், முன்கூட்டியே நிரப்பிய செய்தியை ஒவ்வொரு விளம்பரத்துக்கும் வேறு வேறாக வையுங்கள். ஆர்டர் எதிலிருந்து வந்தது என்று அதை வைத்தே தெரிந்துவிடும். படம், வாசகம், ஆட்கள் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று சொல்ல முடியாது, ஒன்றை மட்டும் மாற்றுங்கள். 3,000 ரூபாய்க்குள் 12 ஆர்டருக்கும் 15 ஆர்டருக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாகவே வரலாம். அதனால் நிற வித்தியாசமெல்லாம் சோதிக்காமல், "ஊருக்கு வெளியே இருக்கும் பிள்ளைகளுக்கு", "மாலைத் தேநீருக்கு" என்று அடிப்படையே வேறான இரண்டை மோதவிடுங்கள்.

கண்டாங்கி:

பட்டாலை சொன்னது சரி. பாக்கெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை, நல்ல விளம்பரம் கவிழ்வது அங்கேதான்.

சீப்பு சீடையில் தேங்காய்ப்பால் சேரும், எண்ணெயில் பொரிப்பது. ஜன்னல் வைத்த கிராஃப்ட் பை படத்துக்கு அழகாக இருக்கும், ஆனால் வெளிச்சமும் காற்றும் பட்டால் எண்ணெய் காறிவிடும். ஒளி புகாத பையைச் சூடு ஆறிய பிறகே ஒட்டுங்கள். சூட்டோடு ஒட்டினால் உள்ளே வியர்த்து நமத்துப் போகும். சாதா காகித லேபிளில் எண்ணெய் ஊறி எழுத்து மங்கும், பிளாஸ்டிக் லேபிள் கேளுங்கள். ஓரத்தில் 3 மி.மீ. பிளீட் (வெட்டும்போது வெள்ளை தெரியாமலிருக்க விடும் கூடுதல் அச்சு) விட்டு ஃபைல் கொடுங்கள்.

லேபிளில் சேர்மானங்கள் எடை வாரியாக இறங்கு வரிசையில், நிகர எடை, எல்லா வரிகளும் சேர்ந்த எம்.ஆர்.பி., தயாரித்த தேதி, எதுவரை உண்ணலாம் என்பது, முகவரி, சைவக் குறி, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க எண் இருக்கிறதா பாருங்கள். "அசல்", "பாரம்பரியம்", "வீட்டுத் தயாரிப்பு" என்று தோன்றியபடி எழுதவும் கூடாது. அந்த ஆணையத்தின் 2018 விளம்பர விதிமுறைகளில் இந்தச் சொற்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. பரிசுப் பெட்டிக்குப் பதில் செட்டிநாட்டு ஓலைக் கொட்டான் (ஓலைக் கூடை) வைத்தால் அருமையாக இருக்கும், பலகாரம் உள்ளே சீல் வைத்த பையில் இருக்கட்டும். கொட்டான் புவிசார் குறியீடு பெற்றது என்பதற்காக அந்த முத்திரையை நீங்களே அச்சடிக்க முடியாது, பதிவு பெற்ற பயனர்களுக்குத்தான் அந்த உரிமை.

தமிழ் எழுத்துக்கு ஹிந்த் மதுரை, முக்தா மலர், பாலூ தம்பி மூன்றும் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். அச்சகத்தில் திறக்கும்போது "கொ", "கெ" எல்லாம் கொம்பு இடம் மாறி நிற்கலாம். டிசைன் மென்பொருளில் தெற்காசிய எழுத்துக்கான கம்போஸர் அமைப்பை இயக்காததுதான் பெரும்பாலும் காரணம். எழுத்தை அவுட்லைனாக (ஃபாண்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றிய பி.டி.எஃப். கொடுத்தால் இந்தத் தொல்லை வராது. வாசகத்தை ஆங்கிலத்தில் யோசித்து மாற்றாதீர்கள். கடை ஆச்சி வாடிக்கையாளரிடம் பேசுவதைக் கேட்டு எழுதுங்கள்.

வளவுவாசி:

மிக்க நன்றி. பாக்கெட்டை நான் யோசிக்கவே இல்லை. இதை போர்ட்ஃபோலியோவில், அதாவது வேலை கேட்கும்போது காட்டும் படைப்புத் தொகுப்பில், எப்படி வைப்பது? மைக்கா போன்ற விளம்பர, மார்க்கெட்டிங் கல்வி நிறுவனத்தில் மறுபடி படிக்க வேண்டுமா?

பட்டாலை:

அகமதாபாத் மைக்கா 1991இல் தொடங்கியது, நல்ல இடம்தான். எம்.பி.ஏ. முடிக்கப்போகும் நீங்கள் இன்னொரு முதுநிலைக் கட்டணம் கட்டும் முன் ஒரு ஏஜென்சியில் இன்டர்ன்ஷிப் பாருங்கள்.

போர்ட்ஃபோலியோவில் ஒரு வேலைக்கு நான்கு பக்கம் போதும்: வாடிக்கையாளர் சொன்னது, பிரீஃப், விளம்பரம், ஆர்டர் கணக்கு. தோற்ற விளம்பரத்தையும் எண்ணோடு வையுங்கள், ஏன் தோற்றது என்பதுதான் நேர்காணலில் கேள்வியாக வரும். கடையின் விற்பனை எண்ணை வெளியே காட்டச் சம்மதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தராவிட்டால் விழுக்காடாக மட்டும் போடுங்கள்.