லாஸ் வேகாஸ் ‘மொப் மியூசியம்’: அம்மாவையும் மகனையும் அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: நல்லூர்வாசி

வணக்கம். ஆவணியில் அண்ணாவைப் பார்க்க லாஸ் வேகாஸ் செல்கிறோம். அம்மாவும் பதினொரு வயது மகனும் உடன் வருகிறார்கள். சூதாட்டத்தில் எங்களுக்கு நாட்டமில்லை என்பதால், குற்றக்கும்பல்களையும் அவர்களை மடக்கிய பொலிசாரையும் பற்றிய நூதனசாலைக்குப் போகலாம் என்கிறார் அண்ணா. நாவலர் வீதி நூதனசாலையைத் தவிர வேறொன்றையும் கண்டிராத மகனுக்கு அது பொருந்துமா? அம்மாவுக்கு இரத்தத்தைக் கண்டாலே தலைசுற்றும்.

பதில்: பழைய சட்டத்தரணி

தாராளமாகப் போகலாம். அது 1933இல் தபாலகமாகவும் சமஷ்டி நீதிமன்றமாகவும் கட்டப்பட்ட கட்டடம். குற்றக்கும்பல்களை விசாரித்த செனட்டர் கெஃபோவரின் குழு 1950 நவம்பர் 15 அன்று அமர்ந்த மண்டபம் இரண்டாம் மாடியில் இருக்கிறது. தொழில் பழக்கமோ என்னவோ, நான் அதிக நேரம் இருந்தது அங்கேதான். 1929 பெப்ரவரி 14 அன்று சிக்காகோவில் ஏழு பேரை நிறுத்திச் சுட்ட வாகனக் கொட்டகைச் சுவரின் செங்கற்களையும் அங்கே அடுக்கி வைத்திருக்கிறார்கள். நூதனசாலையை 2012இல் அதே திகதியில் திறந்தார்கள். கொலையுண்டவர்களின் புகைப்படங்கள் உள்ள பகுதியை மட்டும் அம்மாவும் மகனும் தவிர்ப்பது நல்லது.

பதில்: கொக்குவில் ஆசிரியை

கொலைகாரர்களுக்கு நூதனசாலை எதற்கு என்று முகம் சுளித்தபடியே போனேன். ஆனால் 1920 முதல் 1933 வரையிலான மதுவிலக்கில் கள்ளச்சாராயம் விற்றுச் செழித்த அல் கபோனை, 1931இல் கொலைக்காக அல்ல, வருமான வரி ஏய்ப்புக்காகவே பதினொரு ஆண்டுச் சிறைக்கு அனுப்பினார்கள் என்பதை அங்கே நின்று வாசித்தபோது, துப்பாக்கிக்கு அகப்படாதவன் கணக்குப் புத்தகத்திடம் அகப்பட்டானே என்று சிரிப்பு வந்தது. கசிப்புக் காய்ச்சுவோரைப் பற்றி நம்மூரிலும் கேள்விப்பட்டிருக்கிறோம். அங்கேயோ கீழ்த்தளத்தில் சாராய வடிசாலையே காட்சிக்கு இருக்கிறது!

பதில்: பழைய சட்டத்தரணி

மகனுக்கு ஒரு கதை சொல்லி அழைத்துச் செல்லுங்கள். அந்த ஏழு பேரைச் சுட்டவர்களில் சிலர் பொலிஸ் சீருடையில் வந்ததால், பொலிசார் மீதே சந்தேகம் விழுந்தது. கல்வின் கொடார்ட் என்பவர், இரண்டு தோட்டாக்களை அருகருகே காட்டும் ஒப்பீட்டு நுணுக்குக்காட்டியின் மூலம், அவை பொலிசாரின் துப்பாக்கிகளிலிருந்து வந்தவையல்ல என்று நிறுவினார். பின்னர் மிச்சிகனில் ஒரு வீட்டில் அகப்பட்ட இரண்டு தொம்சன் துப்பாக்கிகளோடு தோட்டாக்கள் பொருந்தின. துப்பாக்கிக் குழலுக்குள் உள்ள வரிப்பள்ளங்கள் தோட்டாவில் விடும் கீறல்கள்தான் அதற்குச் சாட்சி. மின்தூக்கியில் மூன்றாம் மாடிக்கு ஏறி, அங்கிருந்து பார்த்துக்கொண்டே இறங்குங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் அதுவே வசதி.

நல்லூர்வாசி

மிக்க நன்றி. அந்தப் படங்கள் உள்ள பகுதிக்கு நான் மட்டும் போகிறேன். அதுவரை அம்மா பேரனோடு நீதிமன்ற மண்டபத்தில் அமர்ந்திருக்கட்டும். தோட்டாக் கீறல் கதையை இன்றிரவே மகனுக்குச் சொல்லப் போகிறேன்.