கடவையில அடிபட்ட அம்மாவுக்கு ஒரு லட்சம்: வேண்டுறதா, வழக்கா?

பரந்தன்_பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சி டவுனுக்க ஏ9 வீதியைப் பாதசாரிக் கடவையால கடக்கேக்க அம்மாவை ஒரு ஹயஸ் வான் தட்டிப்போட்டுது. முழங்காலுக்குக் கீழ எலும்பு முறிஞ்சு பிளேட் வைச்சிருக்கு. தோட்டம் செய்து சந்தைக்குக் கொண்டுபோய் விக்கிறவ. இனி ஆறு மாசத்துக்குக் குனிஞ்சு நிமிர ஏலாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். வான்காரர் வார்ட்டுக்கே வந்து ஒரு லட்சம் தாறம், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ எண்டினம். சொந்தக்காரர் எல்லாரும் வேண்டச் சொல்லினம். என்ன செய்யலாம்?

ஓமந்தை_மாமா:
வேண்டு தம்பி. கோடு கச்சேரி எண்டு இறங்கினால் தவணை, தவணை, தவணை. ஒவ்வொரு தவணைக்கும் சட்டத்தரணிக்குக் காசு, பஸ்ஸுக்குக் காசு, அண்டைய கூலியும் போச்சு. ஆசுப்பத்திரியில ஒரு சதமும் செலவில்லைத்தானே. கையில வாறதை விட்டுட்டு வராததுக்கு ஏன் காத்திருப்பான்?

முல்லை_அக்கா:
மாமா சொல்லுற தவணைக் கதை உண்மை, அதை நான் மறுக்கேல்லை. நான் ஒரு சட்டத்தரணியின்ர அலுவலகத்தில வேலை செய்யிறன், நாள் முழுக்கப் பார்க்கிறது அதைத்தான். ஆனா ஒரு லட்சம் எந்தக் கணக்கில வந்தது? ஆறு மாசம் தோட்டமும் சந்தையும் இல்லை. பிளேட்டைப் பிறகு எடுக்க வேண்டி வந்தால் திரும்ப ஒப்பரேஷன். கால் பழையபடி வருமோ எண்டும் தெரியாது. அந்தக் கடதாசியில கையெழுத்து விழுந்தால் பிறகு ஒண்டும் கேக்க ஏலாமல் போகும். அவை அவசரப்படுறது அதுக்குத்தான்.

வழக்குப் போட இரண்டு வருசம் இருக்கு, 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் அப்பிடித்தான் சொல்லுது. அதால இந்தக் கிழமையே முடிவெடுக்க வேண்டியதில்லை. இப்ப செய்ய வேண்டியது வேற. பொலிஸ் முறைப்பாட்டின்ர பிரதி, சட்ட வைத்திய அதிகாரி பார்த்த பதிவு, வான் இலக்கம், காப்புறுதிக் கொம்பனியின்ர பேர். வான் கண்ணாடியில வருமான அனுமதிப்பத்திரம் (வருசா வருசம் எடுக்கிற வாகன லைசன்ஸ்) ஒட்டியிருந்தால் காப்புறுதி இருந்திருக்கும், அது இல்லாமல் பத்திரம் எடுக்க ஏலாது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி, அதாவது வாகனத்தால அடிபட்ட வெளியாளுக்குக் கட்டுறது, மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். கட்டப்போறது கொம்பனிதான், வான்காரரின்ர பொக்கற் இல்லை.

டிப்பர்_ரைவர்:
எல்லாரும் ரைவரையே சாப்பிடுங்கோ. கடவைக் கோடு தேய்ஞ்சுபோய்க் கிடக்கு, இரவில லைட் இல்லை, சனம் போனைப் பார்த்துக்கொண்டு இறங்குது. முறிகண்டியில ஒருக்கா நிண்டு பாருங்கோ, பிள்ளையாரைக் கும்பிட்டுட்டுக் கச்சான் சரையோட ரோட்டுக்குக் குறுக்கால ஓடுறவையில எத்தினை பேர் ரெண்டு பக்கமும் பார்க்கினம்? இந்த அம்மாவும் கோட்டுக்கு வெளியால வந்தவவோ, ஆருக்குத் தெரியும்? அப்பிடியெண்டால் ஒரு சதமும் கிடையாது.

முல்லை_அக்கா:
முறிகண்டிக் கதை சரி அண்ணை, நானும் அங்க பயந்து பயந்துதான் கடக்கிறனான். ஆனா "ஒரு சதமும் கிடையாது" எண்டது பிழை. நடந்து வந்தவரிலயும் கவனக்குறைவு இருந்தால் அந்தப் பங்கைக் கழிச்சுப்போட்டு மிச்சத்தைக் குடுக்கலாம். அதுக்கெண்டே 1968இல 12ஆம் இலக்கச் சட்டம் வந்தது. கடவையில காலை வைச்ச ஆளுக்கு வழி விட வேண்டியது ரைவர். தேய்ஞ்ச கோட்டுக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபையைக் கேளுங்கோ, அதை அம்மாவின்ர தலையில கட்டாதேங்கோ.

டிப்பர்_ரைவர்:
டவுனுக்க 50இலதான் போகவேணும், ஓம். ஆர் போகினம்? பின்னால வாற பஸ் ஹோன் அடிக்கிற அடியில கடவையில நிப்பாட்டினால் எனக்குத்தான் பின்னால இடி.

ஓமந்தை_மாமா:
உதையெல்லாம் விடுங்கோ. நீதவான் கோட்டில ரைவர் குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டத்தைக் கட்டிப்போட்டுப் போயிடுவான். தம்பியின்ர அம்மாவுக்கு என்ன வரும்? பூச்சியம்.

முல்லை_அக்கா:
தண்டம் அரசாங்கத்துக்குப் போறது, சரி. நட்டஈடு கேக்கிறது மாவட்ட நீதிமன்றத்தில, அது வேற வழக்கு. சனம் ரெண்டையும் குழப்பி, பொலிஸ் கேஸ் முடிஞ்சுது எண்டவுடன எல்லாம் முடிஞ்சுதெண்டு வீட்டில இருந்திடுது. நீதவானும் குற்றவாளியாக் கண்டால் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கட்டச் சொல்லலாம், 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில 17ஆம் பிரிவு. கேக்காட்டி அனேகமா ஆரும் தாறதில்லை. அண்டைக்கு அம்மாவுக்காக ஒரு சட்டத்தரணி எழும்பிக் கேக்க வேணும். வசதியில்லையெண்டால் சட்ட உதவி ஆணைக்குழுவிட்டப் போகலாம்.

ரொறன்ரோ_ராசன்:
இஞ்ச எண்டால் லோயர் காசே கேக்காமல் கேஸ் எடுப்பான், வெண்டால்தான் பங்கு. அங்கயும் அப்பிடி ஆள் பிடியுங்கோ.

முல்லை_அக்கா:
கனடாச் சட்டம் மாங்குளம் தாண்டி வராது அண்ணை.

பரந்தன்_பொடியன்:
அக்கா, அம்மாவுக்குச் சம்பளத் துண்டு ஒண்டும் இல்லை. சந்தையில விக்கிறதுக்கு ஆர் ரசீது தருவினம்? உழைப்பு இழப்பை எப்பிடிக் காட்டுறது?

முல்லை_அக்கா:
கிராம அலுவலரின்ர கடிதம், கமக்காரர் அமைப்பில உறுப்புரிமை இருந்தால் அது, அம்மாவிட்ட மரக்கறி எடுக்கிற கடைக்காரர் வந்து சாட்சி சொன்னால் அதுவும். வங்கிப் புத்தகத்தில போட்ட காசும் உதவும். கிளினிக்குக்குப் போன ஓட்டோக் கூலியையும் ஒரு கொப்பியில எழுதுங்கோ. இன்னொண்டு: வழக்குப் போட முந்தி, இல்லாட்டிப் போட்டு ஏழு நாளுக்குள்ள காப்புறுதிக் கொம்பனிக்கு எழுத்தில அறிவிக்க வேணும். அதை விட்டால் தீர்ப்பு வந்தும் கொம்பனி கையை விரிச்சிடும்.

விசுவமடு_குரல்:
வான் நிண்டதால அம்மாவுக்குப் பரவாயில்லை. தட்டிப்போட்டு ஓடிட்டால் இலக்கமும் இல்லை, ஆரைப் பிடிக்கிறது?

முல்லை_அக்கா:
அதுக்கு வீதிப் பாதுகாப்பு நிதியம் எண்டு ஒண்டு இருக்கு, தேசிய வீதிப் பாதுகாப்புச் சபைக்குக் கீழ. பொலிஸ் அறிக்கையோட விண்ணப்பிக்கலாம். வழக்கில கிடைக்கிற அளவு வராது.

ஓமந்தை_மாமா:
சரி, வழக்குப் போடவேண்டாம் எண்டு நான் ஒற்றைக்காலில நிக்கேல்லை. ஆனா நாளைக்கு வீட்டில அடுப்பெரிய வேணுமே. ஒரு லட்சத்தை மூண்டாக்கிக் கேட்டால் அவங்கள் தருவாங்கள், எனக்குத் தெரியும்.

முல்லை_அக்கா:
கேக்கலாம் மாமா, சமாதானம் கூடாதெண்டு நான் சொல்லேல்லை. ஆசுப்பத்திரிச் செலவுக்கெண்டு வேண்டினால் "பகுதிப் பணம்" எண்டு மட்டும் எழுதி வேண்டுங்கோ. முழுத்தொகை கதைக்கிறதெண்டால் டொக்டர் கடைசியாக் காலைப் பார்த்துச் சொன்ன பிறகு, ஒரு சட்டத்தரணி பக்கத்தில இருக்க.

டிப்பர்_ரைவர்:
"பகுதிப் பணம்" எண்டு எழுதினால் எந்த வான்காரன் தருவான்? நான் தரமாட்டன்.

பரந்தன்_பொடியன்:
பின்னேரம் திரும்ப வாறாங்களாம். அம்மா கையெழுத்து வைக்கமாட்டா எண்டு சொல்லிவிட்டிருக்கிறன். முறைப்பாட்டுப் பிரதி எடுக்கப் பொலிஸுக்குப் போறன்.