மறு: மெர்ஜ், ஜாயின், அப்பெண்ட் எல்லாமே ‘இணை’தானா?

அனைவருக்கும் வணக்கம்.

மென்பொருள்களைத் தமிழாக்கும்போது ஜாயின் (join), அப்பெண்ட் (append) கட்டளைகளைப் போல மெர்ஜ் (merge) என்பதற்கும் ‘இணை’ என்றே வைத்துவிடலாம் என்று இங்கே வந்த கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தச் சொல்லின் தலையில் ஏற்கெனவே பெரிய சுமை. மின்னஞ்சலோடு போகும் கோப்பு இணைப்பு, சொடுக்கினால் வேறு பக்கம் திறக்கும் சுட்டி இணைப்பு, மழை பெய்தால் அறுந்துபோவதும் இணைப்பு. கணக்குப் பாடத்திலோ இணைகோடுகள் சேரவே சேராதவை!

ஒரு கட்டளையின் வேலை முடிந்த பிறகு, அது சேர்த்த பழைய தரவுகள் என்ன ஆகின்றன என்று பார்த்தால் சொல் தானாகவே அமையும்.

1970இல் கணினி அறிஞர் எட்கர் காட் முன்வைத்த, தரவுகளை அட்டவணைகளாக வைக்கும் தரவுத்தள மாதிரியில் ஜாயின் என்பது, பொதுவான நெடுவரிசை ஒன்றை வைத்து இரண்டு அட்டவணைகளின் வரிகளை ஜோடி சேர்ப்பது. மாணவர் அட்டவணையும் மதிப்பெண் அட்டவணையும் அப்படியே இருக்கும். பதிவெண் ஒத்துப்போகும் வரிகள் மட்டும் விடையில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். ஜோடி என்ற பொருள் ‘இணை’க்கு முன்பே உண்டு. அதை இங்கே வைத்துக்கொள்வோம்.

கான்கேட்டனேட் (concatenate) செய்தால், அதாவது ஒன்றன் பின்னால் ஒன்றை ஒட்டினால், 12, 3 என்ற இரண்டு சரங்கள் (எழுத்துத் தொடர்கள்) 123 ஆகும்; 15 ஆனால் அது கூட்டல். இதற்குத் ‘தொடு’ பொருந்தும். ஆனால் தொடுதிரையில் ‘தொடு’ என்று பொத்தான் வைத்தால் விரலை வைக்கச் சொல்வதாகிவிடும். ‘தொடுக்க’ என்று வியங்கோளில் எழுதுவதே நல்லது. இருப்பதன் கடைசியில் சேர்க்கும் அப்பெண்டுக்குப் ‘பின்சேர்க்க’. இதில் சண்டை வராது என்று நம்புகிறேன்.

சிக்கல் மெர்ஜில்தான். எக்செல் விரிதாளில் பல கட்டங்களை மெர்ஜ் செய்தால் இடது மேல்மூலைக் கட்டத்தில் இருப்பது மட்டும் மிஞ்சும், மற்றவை போய்விடும். அது ‘ஒன்றாக்கு’. நிரல் கோப்புகளில் யார் என்ன மாற்றினார்கள் என்று பதிந்துவைக்க, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட் (Git) என்ற மென்பொருள் செய்வது வேறு. ஒரு கிளையின் (தனியே வளர்த்த நிரல் வடிவத்தின்) மாற்றங்கள் இன்னொன்றில் வந்து சேர்கின்றன. வந்த கிளை அழிவதில்லை. ஒரே வரியை இரண்டு பக்கமும் மாற்றியிருந்தால் கிட் தானாக முடிவெடுக்காது. இரண்டு வடிவங்களையும் கோப்பிலேயே மேலும் கீழுமாக எழுதி, நடுவில் ஏழு சமக்குறிகளைப் போட்டுவிட்டு நமக்காகக் காத்திருக்கும்.

இதற்குக் ‘கல’ என்ற பரிந்துரையும் வந்திருக்கிறது. பாலில் கலந்த தண்ணீரைப் பிரிக்க முடியாது. கிட்டிலோ எந்த வரி யார் எழுதியது என்று பிறகும் கேட்கலாம். போதாக்குறைக்கு, வியங்கோளில் ‘கலக்க’ என்று வரும். நிரலைக் கலக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

உண்மையில் இதற்குக் கச்சிதமான சொல் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது: இரண்டு சொற்கள் சேர்வதைக் குறிக்கும் புணர்ச்சி. வாழைப்பழத்தில் ஓர் எழுத்து தோன்றுகிறது, பொற்குடத்தில் திரிகிறது, மரவேரில் கெடுகிறது. கிட் மெர்ஜிலும் வரிகள் கூடும், மாறும், போகும். ஆனால் இன்றைய வழக்கில் ‘புணர்க’ என்ற பொத்தானை யாரும் அலுவலகத்தில் அழுத்தமாட்டார்கள். ஆகவே கிட்டுக்கு ‘ஒன்றுசேர்க்க’, விரிதாளுக்கு ‘ஒன்றாக்குக’. ஆங்கிலம் இரண்டு வேலைக்கு ஒரே சொல்லை வைத்திருப்பதற்காக நாமும் அப்படியே வைக்க வேண்டியதில்லை.

மெயில் மெர்ஜ் தனிக் கதை. அங்கே எதுவும் ஒன்றாவதில்லை. ஒரு கடிதம்தான் முகவரிப் பட்டியலின்படி பலவாகிறது. ‘முகவரிவாரி மடல்’ என்று முன்மொழிகிறேன். மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.