காவடித் திருவிழாவுக்கு முன் ட்ரோனுக்கு எந்த கிம்பல் வாங்கலாம்?

வணக்கம். மொரிஷியஸ், காத்ர் போர்ன். மலையடிவார முருகன் கோயில் தைப்பூசத்தில் இந்த வருடம் அம்மா காவடி எடுக்கிறார்கள். அதை ட்ரோனில் படமாக்க வேண்டும், கூட்டத்துக்கு மேல் இல்லை, ஓரமாக நின்றுதான்.

நானே பூட்டிய 450 மி.மீ. குவாட்காப்டர் (நான்கு விசிறி ட்ரோன்), 10 அங்குல விசிறி, கோப்ரோ ஹீரோ 4 கேமரா, இரண்டு அச்சு கிம்பல் (ட்ரோன் சாய்ந்தாலும் கேமராவை நேராகப் பிடிக்கும் மோட்டார் தாங்கி). மூன்று வாரமாக ஒரே தொல்லை: தென்கிழக்குக் காற்றில் அடிவானம் நேராகவே நிற்கிறது, ஆனால் ட்ரோன் திரும்பும்போது படம் பக்கவாட்டில் வெட்டி வெட்டி நகர்கிறது. விசிறிகளைச் சமன் செய்தேன், அதிர்வு தாங்கும் ரப்பர்களை மாற்றினேன், கேமராவின் எடைச் சமநிலையைப் பார்த்தேன், அப்புறம் கிம்பல் மோட்டாரின் விசையையும் கூட்டினேன். பலனில்லை. இரண்டு அச்சு பக்கவாட்டுத் திருப்பத்தைப் பிடிக்காது, சரி. மூன்று அச்சு என்றால் எடை கூடுமே. இப்போதே 11 நிமிடம்தான் பறக்கிறது.

இந்த ட்ரோனுக்கு 250 கிராமுக்குள் எந்த மூன்று அச்சு கிம்பல் பொருந்தும்?