பிரெஞ்சு அரசவையின் கறுப்பு உடை: துக்கமா, பகட்டா?

பட்டுநூல்:
18-ஆம் நூற்றாண்டு பிரான்சில் துக்க உடை அந்தஸ்தைக் காட்டத்தான் இருந்தது என்பது என் கட்சி. எங்கோ ஒரு வெளிநாட்டு அரசர் இறந்தாலும் அரசவை இருந்த வெர்சாய் அரண்மனை கறுப்புக்கு மாறும். பிரெஞ்சு அரசருக்கு மட்டும் ஊதா. அழுவதிலும் அடுக்கு!

கார்முகில்:
அரசவையோடு நிறுத்திவிட்டீர்களே. சாதாரண வசதியுள்ள வீட்டில் கணவனை இழந்தவள் ஒரு வருடமும் ஆறு வாரமும் துக்கம் காத்தாள். முதல் ஆறு மாதம் பளபளப்பே இல்லாத கறுப்புக் கம்பளி, வைரம் கிடையாது. அப்புறம்தான் கறுப்புப் பட்டு. பகட்டுக்கு என்றால் முதல் நாளே பட்டு உடுத்தியிருப்பாளே?

பட்டுநூல்:
மனைவியை இழந்தவனுக்கு ஆறே மாதம்தான், அதையும் சொல்லுங்கள். சரி, 1774-க்கு வருவோம். மே 10-ஆம் தேதி அரசர் பதினைந்தாம் லூயி பெரியம்மை கண்டு இறந்தார். உடனே பாரிஸில் ஒரு தலையலங்காரம் வந்தது. கொண்டையின் இடப்பக்கம் சைப்ரஸ் மரம், அதில் கறுப்புச் சாமந்தி, வேர் மாதிரி கிரேப் என்ற சுருக்கமுள்ள கறுப்புத் துக்கத் துணி. வலப்பக்கம் கோதுமைக் கதிர்க்கட்டும் பழங்கள் கொட்டும் கொம்பும். செத்தவருக்கு ஒரு பக்கம், புது ராஜாவுக்கு மறுபக்கம். இதற்குப் பெயர் துக்கமா?

தறிக்காரர்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், உங்கள் இருவருக்கும் நெசவாளர் ஞாபகமே இல்லை. பட்டு நெசவு நகரமான லியோனில் நெய்த வண்ணப் பட்டு ஒவ்வொரு அரசவைத் துக்கத்திலும் தேங்கியது. 1716-ல் துக்கக் காலத்தைப் பாதியாக வெட்டினார்கள், 1730-ல் மறுபடியும் குறைத்தார்கள்.

கார்முகில்:
அண்ணா சொல்வது நியாயம். ஆனால் துக்க உடை வெறும் பகட்டென்றால் 1789 பிரெஞ்சுப் புரட்சியோடு அது போயிருக்க வேண்டும். 1790 ஜூனில், இறந்துபோன அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளினுக்காகப் பிரான்சின் தேசியப் பேரவையே மூன்று நாள் துக்க உடை அணிந்தது. அச்சுத் தொழிலாளியாகத் தொடங்கிய மனிதர் அவர்.

பட்டுநூல்:
அதை முன்மொழிந்த பேரவை உறுப்பினர் மிராபோ அதே பேச்சில் அரசவைத் துக்கங்களைப் பாசாங்கு என்று விளாசினார். நீங்கள் கூட்டிவந்த சாட்சி என் பக்கம் நிற்கிறார்.

கார்முகில்:
விளாசியது அரசவையை. கம்பளி உடுத்தியவளை அல்ல.