டை ராட் மாற்றியும் இடப்பக்கம் இழுக்கும் குவாட் பைக்: வளைந்தது ஆர்மா, சேஸியா?

செம்மண்தடம்:
முன் இடது சக்கரம் பாறையில் நேராக மோதிய நான்கு சக்கர வண்டி. முன்னால் சக்கரத்தைப் பிரேமோடு இணைக்கும் இரட்டை ஏ-ஆர்ம் மேலும் கீழுமாக, பின்னால் ஸ்விங் ஆர்மும் (பின் ஆக்சிலைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) இரு சக்கரத்துக்கும் ஒரே ஆக்சிலும். வளைந்த இடது டை ராடை (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) மாற்றி, டோவையும் (முன் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) மேனுவல்படி வைத்தாயிற்று. ஆனாலும் சமதளத்தில் ஹேண்டிலைத் தளரவிட்டால் இடப்பக்கமே போகிறது. கண்ணுக்கு ஆர்ம் நேராகத்தான் தெரிகிறது. எஞ்சினை இறக்காமல் பிரேம் (சேஸி) வளைந்திருக்கிறதா என்று பார்க்க முடியுமா? டோவை இன்னும் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாமா?

ஸ்பானர்பெட்டி:
டோவைத் தொடாதீங்க. டோ தப்பா இருந்தா ஹேண்டில் கோணலா நிக்கும், டயர் தேயும், வண்டி அலையும். ஒரே பக்கமா இழுக்காது, ஏன்னா ஓடும்போது ரெண்டு முன் சக்கரமும் அந்தப் பிசகை ஆளுக்குப் பாதியா எடுத்துக்கும்.

பிரேமைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி டயரைப் பாருங்க. பெரும்பாலும் 4லேருந்து 7 பி.எஸ்.ஐ. காத்துல ஓடுற டயர் இது, ஒரு பக்கம் 1 பி.எஸ்.ஐ. குறைஞ்சாலே தெரியும். கார் கேஜ்ல இந்த அளவு சரியா விழாது, குறைஞ்ச அழுத்தத்துக்கான கேஜ் வேணும். பின்னாடி ஒரே ஆக்சில்னா, ரெண்டு சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்தவிடுற டிஃபரன்ஷியல் கிடையாது. அதனால பின் டயர் ரெண்டையும் டேப்பால சுத்தி அளங்க. சுற்றளவு எது குறைவோ அந்தப் பக்கம் வண்டி திரும்பும்.

அப்புறம் முன் சக்கரங்களை இடம் மாத்திப் போட்டு கொஞ்சம் ஓட்டுங்க. இழுப்பு வலப்பக்கம் போனா டயரோ ரிம்மோதான் காரணம். ஜாக்கியில தூக்கி பிரேக் பிடிச்சுக்கிட்டு நிக்குதான்னும் கையால சுத்திப் பார்த்துடுங்க.

மட்டக்கோல்:
டயரில் குறை இல்லையென்றால் டேப், தூக்குக்குண்டு, சாக்பீஸ் போதும். எஞ்சினை இறக்க வேண்டியதில்லை.

சமமான தரை, ஹேண்டில் நேர், டயர்களில் ஒரே காற்று. இரு பக்கமும் முன் ஹப் மையத்திலிருந்து பின் ஆக்சில் மையம் வரை அளங்கள். பாறை சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளியிருந்தால் இடப்பக்கம் குறையும். பின் ஆக்சில் கோணலாக இருந்தாலும் இந்த அளவு பிசகும். அதனால் ஆக்சில் மையத்திலிருந்து ஸ்விங் ஆர்ம் பிவட் (அது அசையும் அச்சு) வரையும் இரு பக்கமும் அளந்துவிடுங்கள்.

அடுத்து கேம்பர், அதாவது சக்கரத்தின் தலை உள்ளே அல்லது வெளியே சாயும் அளவு. ரிம்முக்கு வெளியே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலிலிருந்து ரிம்மின் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் குறியுங்கள். அதை வலப்பக்கத்தோடு ஒப்பிடுங்கள். கீழ் ஆர்ம் வளைந்து பால் ஜாயிண்ட் (ஆர்ம் முனையிலுள்ள உருண்டை மூட்டு) உள்ளே போனால் சக்கரத்தின் தலை வெளியே சாயும். பின்னே போனால் அந்தப் பக்கத்துக் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) குறையும். இரண்டுமே வண்டியை அடிபட்ட பக்கம்தான் இழுக்கும். வளைந்த டை ராட் டோவை மட்டும் கெடுக்கும், இவற்றைத் தொடாது. வளைந்த டை ராடையும் வளைந்த ஆர்மையும் பிரித்தறிய இதுதான் வழி.

பிரேமுக்குக் குறுக்களவு. இடது கீழ் ஆர்மின் முன் போல்ட் மையத்திலிருந்து வலது ஃபுட்பெக் மவுண்ட் வரை ஓர் அளவு, அதையே மறுபக்கம் மாற்றி ஓர் அளவு. எடுக்கும் புள்ளிகள் இருபுறமும் ஒத்த இடத்தில் இருக்க வேண்டும். எஞ்சின் மவுண்டுகள் பல வண்டிகளில் ஒத்திருக்காது, அங்கே அளந்தால் நல்ல பிரேமும் வளைந்ததாகத் தெரியும். டேப் தொய்ந்தால் நேரான பைப்பில் இரண்டு கூர்முனைகளைப் பொருத்தி அளங்கள். டேப்பில் 2 மி.மீ. வரை கைப்பிழை. 4, 5 என்று போனால் பிரேமைச் சந்தேகப்படலாம்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட நம்பகமானது: ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு ஆர்மைக் கையால் மேலும் கீழும் அசையுங்கள். சீராகப் போக வேண்டும். ஓரிடத்தில் பிடித்தால் பிவட் போல்ட்டை உருவி, ஆர்ம் இல்லாமல் பிரேம் காதுகள் (ஆர்ம் மாட்டும் துளையிட்ட தகடுகள்) இரண்டிலும் அதே போல்ட்டைச் செருகுங்கள். விரலால் தள்ளியே போனால் காதுகள் ஒரே நேர்கோட்டில் உள்ளன, கோளாறு ஆர்மில். போகாவிட்டால் பிரேம்தான். போல்ட் நேராக இருக்கிறதா என்று முதலில் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இந்தச் சோதனைக்கே அர்த்தமில்லை.

கழற்றிய ஷாக்கின் ராடையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்தாலோ, சீலில் ஒரு பக்கம் எண்ணெய் கசிந்தாலோ ராட் வளைந்திருக்கிறது. உள்ளே நைட்ரஜன் அழுத்தத்தில் இருக்கும், வீட்டில் பிரிக்க வேண்டாம்.

வெல்டிங்கண்ணாடி:
அளவு சரியாக வந்தாலும் விரிசல் இருக்கலாம். ஆர்ம் காதுகள் பைப்போடு சேருமிடம், மேல் ஷாக் மவுண்ட், ஸ்டியரிங் தண்டின் கீழ்ப் பேரிங் உட்காருமிடம் ஆகியவற்றைச் சுத்தமாகக் கழுவிவிட்டுப் பாருங்கள். வெல்டிங் மணியின் நடுவில் அல்ல, அது முடியும் ஓரத்தில்தான் கீறல் தொடங்கும். பெயிண்டில் மயிரிழைக் கோடு, அதன் வழியே துருநீர்க் கறை இருந்தால் விடாதீர்கள். பைப்பில் பெயிண்ட் சுருங்கி நின்றால் அந்த இடம் அமுங்கியிருக்கிறது.

சந்தேகம் தீர டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் ஊடுருவும் சாயம்): பெயிண்டைச் சுரண்டி, துடைத்து, சிவப்பு ஸ்ப்ரே அடித்து 10 நிமிடமாவது விடுங்கள். துணியில் கிளீனரை நனைத்துத் துடைக்க வேண்டும். நேரே அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிப் போய்விடும். பிறகு வெள்ளை டெவலப்பர். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாக எழும்.

விரிசலின் மேலேயே வெல்டிங் வைத்து மூடுவது பயனில்லை. முனையில் 3 மி.மீ. துளை போட்டு, கீறலை வி வடிவில் அரைத்தெடுத்துப் பிறகு வெல்டிங். பேட்டரியையும் ஈ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) கப்ளரையும் கழற்றாமல் ஆர்க் வெல்டிங் அடிக்காதீர்கள்.

செம்மண்தடம்:
டயரிலும் பிரேக்கிலும் குறை இல்லை. இடப்பக்க வீல்பேஸ் (முன் ஹப்பிலிருந்து பின் ஆக்சில் வரை) 9 மி.மீ. குறைவு, பின்பக்க அளவு இருபுறமும் ஒன்றே. ரிம்மின் தலை வலப்பக்கத்தைவிட 6 மி.மீ. வெளியே சாய்ந்திருக்கிறது. குறுக்களவில் 1 மி.மீ. வித்தியாசம். கீழ் ஆர்ம் பாதியில் பிடிக்கிறது. ஆனால் போல்ட் நேர், வெறும் காதுகளில் தடையில்லாமல் போகிறது. காதுகளில் விரிசலும் இல்லை. ஆர்மைச் சூடாக்கி நிமிர்த்தினால் போதுமா?

மட்டக்கோல்:
பிரேம் தப்பியது, கீழ் ஆர்ம் போயிற்று. அதன் இரு புஷ் குழாய்களுக்குள்ளும் (பிவட் போல்ட் செல்லும் குழாய்கள்) ஒரே நேர்க்கம்பியைச் செருகிப் பாருங்கள், போகாது. அதனால்தான் பிடிக்கிறது. சூடு காட்டி நிமிர்த்தாதீர்கள். சூடுபட்ட இடத்தில் இரும்பின் பலம் குறையும், அடுத்த மோதலில் அங்கேயே மடங்கும். அப்போது கையில் ஹேண்டில் இருக்கும், சக்கரம் இருக்காது.

புது ஆர்ம், புஷ்கள், பால் ஜாயிண்ட், நட் கழலாமல் பிடிக்கும் புதுக் காட்டர் பின் போடுங்கள். மாட்டியதும் கேம்பரை மறுபடி அளங்கள். சாய்வு இன்னும் மிச்சமிருந்தால் நக்கிளோ (ஹப்பைத் தாங்கும் பாகம்) மேல் ஆர்மோ வளைந்திருக்கலாம். டோவை எல்லாம் முடிந்தபின், கடைசியில் வையுங்கள்.

ஸ்பானர்பெட்டி:
ஸ்டியரிங் தண்டையும் விட்டுடாதீங்க. டை ராடையே வளைச்ச அடி அது வழியாத்தான் தண்டுக்கும் போயிருக்கும். ஹேண்டில் நேரா இருக்கும்போது தண்டுக்கு அடியில டை ராட் மாட்டுற காது ரெண்டும் நடுவிலேருந்து சமமா நிக்கணும். ஒரு பக்கம் திரும்பியிருந்தா தண்டு முறுக்கிக்கிட்டிருக்கு.